'ஸ்மார்ட்' மகாத்மியம்

'ஸ்மார்ட்' என்ற சொல் நமது தேசத்தில் ஏறக்குறையப் பத்து வருஷ காலம் ராஜ்யபாரம் செய்தது. 2015-ம் வருஷம் ஜூன் 25-ந் தேதி மத்திய சர்க்கார் நூறு நகரங்களை 'ஸ்மார்ட்' ஆக்கும் திட்டத்தை ஆரம்பித்தார்கள். 2025 மார்ச் 31-ந் தேதி அது முடிவடைந்தது. சென்னை, மதுரை, தஞ்சாவூர் முதலிய 11 தமிழ்நாட்டு நகரங்களும் அதில் இடம் பெற்றன.

சொல்லின் பொருளை அறியும் ஆவலால் திட்டத்தின் விதிமுறைகளைப் புரட்டினோம். யாவரும் ஒப்பிய இலக்கணம் இதற்கு இல்லையென்று அதுவே கூறிவிட்டது! தமிழிலோ ஒரு சமயம் 'பொலிவுறு நகரம்' என்றார்கள். மற்றொரு சமயம் 'சீர்மிகு நகரம்' என்றார்கள். ஆனால் அதே விதிமுறைகளில் அடிப்படை வசதிகளுக்கு ஒரு ஜாபிதா உண்டு. அதில் முதலாவது என்ன தெரியுமா? போதுமான தண்ணீர். நம் பாட்டிமார் கேட்டதும் அதைத்தானே?

வேலையே நடக்கவில்லையென்று நாம் சொல்ல வரவில்லை. நூறு நகரங்களிலும் கட்டுப்பாட்டு நிலையங்கள் எழுந்தன. நமது வழக்கெல்லாம் சொல்லின் மீதுதான். குழாயில் தினம் இத்தனை மணி நேரம் தண்ணீர் வரும் என்று வாக்களித்தால், சமையலறைக் கடிகாரத்தைப் பார்த்தே நாம் கணக்குக் கேட்கலாம். 'ஸ்மார்ட்' என்று வாக்களித்தால் எந்தப் படியால் அளப்பது?

இப்போது 'செயற்கை நுண்ணறிவு' பவனி வருகிறது. 2024 மார்ச்சில் அதற்கென ஐந்து வருஷத்துக்குச் சுமார் 10,372 கோடி ரூபாய் அனுமதித்தார்கள். புதுச் சொல்லை வரவேற்போம். ஆனால் வாசலிலேயே நிறுத்தி, "உன் அளவு என்ன?" என்று விசாரித்த பிறகே உள்ளே விடுவோம்.