300 கஜம்

துப்பாக்கியை நான் கையால் தொட்டதில்லை. எங்கள் வீட்டில் கறி சமைப்பதும் இல்லை. ஆனாலும், கொலராடோவின் மலைச்சரிவுகளில் எல்க் மான் வேட்டைக்குப் போகும் ஒரு முதியவருக்கு லேசர் தூரமானி தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தது. ஒளியியல் கருவிகளோடு பிழைப்பு நடத்துபவன் என்பதே என் ஒரே தகுதி. அவர் என் பக்கத்து வீட்டுக்காரர், எழுபதைக் கடந்தவர். அக்டோபரில் ஒரு விலங்கைச் சுட்டு, குளிர்காலம் முழுக்க அதன் இறைச்சியையே உண்பவர். இப்போதெல்லாம் கண் முன்போல் தூரத்தைச் சொல்வதில்லை என்றார். அவர் மகன் 2000 கஜம் அளக்கும் கருவியொன்றை ஏற்கெனவே வாங்கியிருந்தான். அப்பாவுக்கும் அதையே வாங்கிவிடலாம் என்பது அவன் கட்சி.

மலையில் தூரம் கண்ணை ஏய்க்கும். நடுவில் ஒரு பள்ளத்தாக்கு கிடந்தால் போதும், எதிர்ச்சரிவு இருப்பதைவிட அருகில் தெரியும். ஏமாந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். 100 கஜத்துக்குக் குறி சரிசெய்த .308 துப்பாக்கியின் குண்டு, 500 கஜம் செல்வதற்குள் ஏறத்தாழ ஐந்தடி தாழ்ந்துவிடுகிறது. 500 கஜத்தில் நிற்கும் விலங்கை 450 என்று எண்ணிச் சுட்டால், குண்டு ஓரடிக்கும் கீழே இறங்கும். நெஞ்சுக்கு வைத்த குறி காலை உடைக்கும். உடைந்த காலோடு காட்டுக்குள் போகும் விலங்கு உடனே சாவதில்லை. அப்படி ஒன்றைத் தன் இளமையில் இருட்டும்வரை தேடி அலைந்ததைக் கிழவர் இரண்டே வாக்கியங்களில் சொல்லி நிறுத்திக்கொண்டார். அவருக்குக் கருவி ஏன் தேவைப்பட்டது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

கருவியின் தத்துவம் எளிது. அகச்சிவப்பு ஒளித்துடிப்பு ஒன்றை அனுப்பி, அது பட்டுத் திரும்பும் நேரத்தை அளக்கிறது. ஒளி ஒரு நானோநொடியில் சுமார் 30 சென்டிமீட்டர் செல்லும். ஒரு கஜத் துல்லியம் வேண்டுமானால், போய்வரும் நேரத்தை 6 நானோநொடி நுட்பத்தில் பிடித்தாக வேண்டும். இத்தனை நுட்பத்தைச் சட்டைப்பைக்குள் அடக்கியவர்களை வணங்கத்தான் தோன்றுகிறது. பெட்டியின்மேல் எண்ணை அச்சிடுபவர்களைப் பற்றி அப்படிச் சொல்ல மாட்டேன். அந்த 2000 கஜம் என்பது ஒளியை நன்றாகத் திருப்பும் பலகைக்கு. மரத்துக்கு அது குறையும். ஒளியை விழுங்கும் மான்தோலுக்குப் பாதியாகவோ இன்னும் கீழாகவோ போகும். நல்ல வெயிலில் மேலும் சுருங்கும்.

ஒரு கோடைக் காலையில் மூவரும் சரிவொன்றில் அமர்ந்து, எதிர் மேட்டில் மேய்ந்த மாடுகளை அளந்தோம். முகட்டு விளிம்பில் நின்ற பசுவை மகனின் கருவி ஒருமுறை 430 என்றது, மறுமுறை 610 என்றது. காரணம் கற்றையின் விரிவு. 2 மில்லிரேடியன் விரியும் ஒளிக்கற்றை 500 கஜத்தில் ஒரு கஜ அகலமாகிவிடும். பசுவின்மேல் படுவது பாதி, முதுகைத் தாண்டி அடுத்த மலையில் விழுவது மீதி. எந்த எதிரொளியைக் கருவி எடுத்துக்கொள்கிறதோ, அதுவே நமக்குக் கிடைக்கும் எண். முதல் எதிரொளியா கடைசி எதிரொளியா என்று மாற்றிக்கொள்ளும் வசதி சிலவற்றில் உண்டு. புதருக்குப் பின்னால் நிற்பதற்குக் கடைசியும் முகட்டில் நிற்பதற்கு முதலும் பொருந்தும். பதற்றத்தில் யார் மாற்றப் போகிறார்கள்? அதனால் குறுகிய கற்றையையே முதல் நிபந்தனையாக வைத்தேன். கை நடுங்கும் முதியவர் என்பதால் முக்காலியில் பொருத்தும் திருகுதுளையை இரண்டாவதாக வைத்தேன்.

மூன்றாவது, சரிவுக்கோணம். 30 பாகைச் சரிவில் 400 கஜத்தில் நிற்கும் விலங்குக்கு 346 கஜத்துக்கான குறிதான் வைக்க வேண்டும். புவியீர்ப்பு குண்டைத் தாழ்த்துவது கிடைமட்டத் தூரத்தின் கணக்கில்தான், ஏறத்தாழ. மேல்நோக்கிச் சுட்டாலும் கீழ்நோக்கிச் சுட்டாலும் இது ஒன்றே. 400 என்று நம்பிச் சுட்டால் குண்டு ஒரு சாண் உயரே போகும். கோணத்தைத் தானே கழித்துச் சொல்லும் கருவிகள் இன்று சாதாரணம். எண்கள் சிவப்பில் ஒளிர வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொண்டேன். அந்தியில் ஊசியிலை மரங்களின் கருமைக்குமேல் கறுப்பு எண்கள் தெரியாது. எல்க் வெளியே வருவதோ அந்தியில்.

இவையெல்லாம் இருந்த கருவியின் பெட்டியில் 1000 என்றுதான் போட்டிருந்தது. மகனுக்கு அது ஏமாற்றம். கிழவருக்கு அதுவே அதிகம். 300 கஜத்துக்கு மேல் சுடுவதில்லை என்பது அவர் தனக்கு வைத்துக்கொண்ட வரம்பு. "தெரிந்த தூரத்தில் சுடாமல் இருப்பது எதற்கு?" என்று மகன் கேட்டான். 500 கஜம் கடக்கக் குண்டுக்கு அரை நொடிக்கு மேல் ஆகிறது, அதற்குள் விலங்கு ஓர் அடி எடுத்து வைக்கும் என்றார் கிழவர்.

தியோடர் ரூஸ்வெல்ட்டும் நண்பர்களும் 1887-இல் தொடங்கிய பூன் அண்ட் கிராக்கெட் கிளப், வேட்டையில் விலங்குக்கும் தப்பிக்க வாய்ப்பு இருக்க வேண்டும் என்று சொல்லிவருவது. மிகத் தொலைவிலிருந்து சுடுவதைப் பற்றி அதற்கும் கவலை உண்டு. எனக்கு நினைவில் வந்தது கம்பனின் வாலி. மறைந்து நின்று எய்ததைத்தான் அவன் கேட்டான். 700 கஜத்தில் மறைவதற்கு மரம் வேண்டியதில்லை, தூரமே போதும். இதை அவர்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்ல முயன்றேன். ராமன் யார் என்பதிலிருந்து தொடங்க வேண்டியிருந்ததால் விட்டுவிட்டேன்.

அந்த அக்டோபரில் கிழவர் 240 கஜத்தில் ஒன்றைச் சுட்டார். மகன் 700 கஜத்தில் ஒன்றைப் பார்த்து, தூரத்தையும் உறுதிசெய்துகொண்டு, அரை மணி நேரம் பாறைமேல் படுத்துக்கிடந்திருக்கிறான். இந்தப் பக்கம் புல் கிழக்கே சாய்ந்தது, பள்ளத்துக்கு அப்பால் ஆஸ்பென் இலைகள் மேற்கே திரும்பின. சுடாமல் இறங்கிவந்துவிட்டான். இப்போது, பள்ளத்தாக்கின் நடுவில் வீசும் காற்றை அளக்கும் கருவி ஏதாவது இருக்கிறதா என்று என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறான்.