‘கே’ என்றால் குதூகலம்

வேர்ட்ஸ்வொர்த்தின் ‘டாஃபடில்ஸ்’ கவிதையை வகுப்பில் நடத்தும்போது ஓரிடத்தில் கடைசி பெஞ்ச் களுக்கென்று சிரிக்கும். மலர்க்கூட்டத்தைப் பார்த்த கவிஞனின் மனநிலைக்கு அவர் போட்ட சொல் ‘கே’. பாவம், 1807இல் அது அச்சானபோது அந்தச் சொல்லுக்குக் குதூகலம், உற்சாகம் என்றுதான் பொருள்!

13ஆம் நூற்றாண்டு வாக்கில் பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல் இது. அதற்கு முந்திய வேர் எது என்பதில் சொல்லாராய்ச்சிக்காரர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. மகிழ்ச்சியான ஆளுக்கும் சொல்லலாம், பளிச்சென்ற வண்ணத் துணிக்கும் சொல்லலாம். நீட்சே 1882இல் எழுதிய புத்தகம் ஆங்கிலத்தில் ‘தி கே சயின்ஸ்’. தென் பிரான்சின் பழைய பாடகர்கள் தங்கள் கவிதைக் கலைக்கு வைத்திருந்த பெயர்தான் அது.

‘எவ்வளவு அழகான சொல், இப்படிக் கெடுத்துவிட்டார்களே!’ என்று அங்கலாய்ப்பவர்கள் இன்றும் உண்டு. ஆனால் அது அப்படியொன்றும் அப்பாவிச் சொல் இல்லை. 17ஆம் நூற்றாண்டிலேயே ஒழுக்கம் பாராமல் உல்லாசமாகத் திரிபவரை ‘கே’ என்றார்கள். 19ஆம் நூற்றாண்டில் ‘கே ஹவுஸ்’ என்றால் விபச்சார விடுதி. (நறுமணத்தைக் குறித்த நம் ‘நாற்றம்’ இன்று என்ன ஆயிற்று? சொற்கள் அப்படித்தான்.)

20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ஆணை விரும்பும் ஆண்கள் இதைத் தங்களுக்குள் ரகசியமாகப் புழங்கினார்கள். கேட்கும் வெளியாள் ‘ஜாலியான ஆள் போல’ என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார். அகப்பட்டால் சிறை, வேலை போகும், குடும்பம் கைவிடும் என்றிருந்த காலத்தில் இப்படி ஒரு சொல் தேவைப்பட்டது.

அவர்களுக்கு வேறு பெயர்கள் இல்லாமலில்லை. வசைச்சொற்கள் ஏராளம். ‘ஹோமோசெக்ஷுவல்’ என்ற சொல்லும் இருந்தது. வேடிக்கை என்னவென்றால், 1869இல் அதை அச்சில் கொண்டுவந்த கெர்ட்பெனி என்ற எழுத்தாளர், அவர்களைத் தண்டிக்கும் பிரஷ்யச் சட்டத்தை எதிர்த்துத்தான் எழுதினார். பிறகு மருத்துவர்கள் அதை எடுத்துக்கொள்ள, நோயின் பெயராகிவிட்டது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973இல்தான் தன் நோய்ப்பட்டியலிலிருந்து அதை நீக்கியது.

வசையும் வேண்டாம், வியாதிப் பெயரும் வேண்டாம் என்றவர்களுக்குக் கையில் மிஞ்சியது மகிழ்ச்சியைக் குறித்த அந்தச் சொல்தான். 1969 ஜூனில் நியூயார்க்கின் ஸ்டோன்வால் மதுவிடுதியில் போலீஸ் நுழைந்தபோது கலகம் வெடித்தது. சில வாரங்களில் தோன்றிய ‘கே லிபரேஷன் ஃப்ரண்ட்’ அதைப் பகிரங்கமாகப் பெயரிலேயே வைத்துக்கொண்டது. நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் தன் செய்திகளில் அந்தச் சொல்லை அனுமதிக்க 1987 ஆயிற்று. இந்தியாவில் 1860ஆம் ஆண்டுச் சட்டத்தின் 377ஆம் பிரிவு வயதுவந்தோர் மனமொத்த உறவுக்குப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2018 செப்டம்பர் 6 அன்று.

கதை அதோடு நிற்கவில்லை. ஆங்கிலம் பேசும் நாடுகளின் பள்ளிப் பிள்ளைகள் பிடிக்காத எதையும் ‘கே’ என்று சொல்லத் தொடங்கினார்கள். 2006இல் ஒரு பிபிசி வானொலித் தொகுப்பாளர் ஒரு ரிங்டோனை அப்படிச் சொல்லப்போய்ப் புகார் எழுந்தது. ‘மட்டம்’ என்ற பொருளில்தான் சொன்னார், யாரையும் இழிவுபடுத்தவில்லை என்று அவரை விட்டுவிட்டது நிர்வாகக் குழு. அந்தச் சொல் எப்படி ‘மட்டம்’ ஆயிற்று என்பதுதானே புகார்!