ரெங்கத்தில் கேட்ட கைப்பைக் கதை

“ரெங்கத்துக்குப் போறேன்” என்று சொன்னால் போதும், வானொலி நிலையத்தில் யாராவது ஒருவர், “உள்ளே இருக்கிறது யாரு? சொந்தக்காரங்களா?” என்று கேலி செய்வார். சிறைச்சாலையால் பெயர் வாங்கியது சிம்பாங் ரெங்கம். அது நெடுஞ்சாலை ஓரத்து ஊர். எங்கள் ரெங்கம் வேறு. குளுவாங்குக்கும் லாயாங்-லாயாங்குக்கும் நடுவே, ரயில் பாதை ஓரமாகக் கிடக்கும் சின்னப் பட்டணம். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதவர் ஜொகூரிலேயே குறைவு.

போன பள்ளி விடுமுறையில் என் சித்தியைப் பார்க்க அங்கே போனேன். சித்தி மகளும் உடன் வந்தாள். சிங்கப்பூரில் வேலை, ஜொகூர் பாருவில் வாடகை வீடு, தினமும் காலை நாலரைக்கு எழுந்து பாலம் கடக்கும் ஆயிரக்கணக்கான நம் பிள்ளைகளில் ஒருத்தி.

கூலாயை நெருங்கும்போது வழக்கம்போல வண்டியின் வேகத்தைக் குறைத்தேன். அங்கேதான் 2011ஆம் ஆண்டு இறுதியில் திறந்த ஜொகூர் பிரீமியம் அவுட்லெட்ஸ் இருக்கிறது. பெரிய பெயர் கொண்ட கம்பெனிகள் தங்கள் பழைய சரக்கைத் தாங்களே விலை குறைத்து விற்கும் இடம். முன்பெல்லாம் அந்தப் பக்கம் போனால், “அக்கா, அஞ்சே நிமிஷம்” என்று கெஞ்சுவாள் தங்கை. அந்த அஞ்சு நிமிஷம் இரண்டு மணி நேரமாகும். இந்த முறை கைப்பேசியிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

“நிறுத்தலையா?” என்றேன்.

“வேணாங்க்கா. பை ஆசையெல்லாம் விட்டுப்போச்சு.”

லாயாங்-லாயாங் வரும்வரை அவள் பேசவில்லை. சாலையின் இரு பக்கமும் செம்பனை. குலைகளை ஏற்றிய லாரி ஒன்று முன்னால் ஊர்ந்துகொண்டிருந்தது. என் அம்மா சிறுமியாக இருந்தபோது இதெல்லாம் பால் மரக் காடு. 1909இல் ஜொகூரின் குறுக்கே ரயில் பாதை முடிந்த பிறகு, அதன் இரு பக்கமும் ரப்பர் தோட்டங்கள் பெருகின. அந்தத் தோட்டங்களுக்கு வந்தவர்களில் எங்கள் பாட்டனும் ஒருவர்.

ரெங்கம் பட்டணத்தில் பழைய கடைவரிசை அப்படியே நிற்கிறது. சீனர் காப்பிக்கடையில் உட்கார்ந்து ரொட்டியும் கொப்பியுமாகப் பசியாறினோம். அங்கேதான் தங்கை வாய் திறந்தாள்.

மூன்று வருடப் போனஸைச் சேர்த்துவைத்து, சிங்கப்பூரில் ஒரு பெரிய பிராண்டின் கடையில் ஒரு கைப்பை வாங்கியிருந்தாள். கம்பெனி பெயர் இங்கே வேண்டாம். அதற்கு முன்பே ஒரு கழுத்துத் துணி, ஒரு பணப்பை என்று வாங்கி, கடையில் “நல்ல வாடிக்கையாளர்” என்று பெயர் எடுத்திருந்தாள். விற்பனைப் பெண் அவளுடைய பிறந்தநாளுக்கும் தீபாவளிக்கும் தவறாமல் வாழ்த்து அனுப்புவாள். பையை வாங்கிய அன்று அந்தப் பெண் சொன்னாளாம்: “இது செலவு இல்லை, முதலீடு. நாளைக்கு விலை ஏறும்.”

பிறகு சித்தியின் மூட்டு போனது. மாற்று அறுவை சிகிச்சை வேண்டும் என்றார் மருத்துவர். அரசாங்க மருத்துவமனையில் காத்திருக்க வேண்டிய காலத்தையும், அம்மா இரவில் படும் வேதனையையும் எடைபோட்டுப் பார்த்தாள் தங்கை. பையைப் பழைய பொருள் வாங்கும் ஒரு கடையில் விற்றுத் தனியார் மருத்துவமனைக்குப் பணம் கட்டினாள். சித்திக்கு இது தெரியாது. “ஆபீஸ்ல கடன் குடுத்தாங்கம்மா” என்று சொல்லிவைத்தாள்.

அந்தக் கடை, பையைப் படம் எடுத்து விளம்பரம் போட்டது. பைக்குள் இருந்த குறியீடு படத்தில் தெரிந்தது. சில வாரம் கழித்து விற்பனைப் பெண்ணிடமிருந்து ஒரு செய்தி: “உங்கள் பை இன்னும் உங்களிடம்தானே இருக்கிறது?” தங்கைக்குப் பொய் சொல்ல வரவில்லை. உண்மையைச் சொன்னாள். அதற்குப் பிறகு அவளுக்குப் பிறந்தநாள் வாழ்த்து வரவில்லை. கடைக்குப் போனால், “உங்களுக்குக் காட்ட இப்போது எதுவும் இல்லை” என்ற பதில்தான்.

“திட்டலை, ஒண்ணுமில்லை. ஆனா எல்லாரும் என்னைத் திருடி மாதிரி பார்த்தாங்கக்கா” என்றாள். கொப்பி ஆறிப்போயிருந்தது.

இது அவள் ஒருத்தியின் கதை அல்ல. கைப்பை உலகத்தில் இதற்கு ஒரு முறையே இருக்கிறது. எர்மெஸ் கம்பெனி 1984இல் கொண்டுவந்த ‘பிர்கின்’ பையை எடுத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டில் பலருக்கு அந்தக் கம்பெனியின் பெயர் 2018 ஜூன் மாதம்தான் தெரிந்தது. முன்னாள் பிரதமருடன் தொடர்புடைய இடங்களில் நடந்த சோதனைகளில் 567 கைப்பைகளைக் கைப்பற்றியதாகவும், அவற்றில் 272 எர்மெஸ் பைகள் என்றும், அவற்றின் மதிப்பு மட்டும் 5 கோடியே 13 லட்சம் வெள்ளி என்றும் காவல்துறை அறிவித்தபோது ஊரே வாய் பிளந்தது. பிறகு நீதிமன்றங்களில் நடந்தது தனிக் கதை.

பிர்கின் பையைக் காசு இருந்தாலும் கடைக்குள் போய்க் கேட்டவுடன் வாங்கிவிட முடியாது. யாருக்குத் தருவது என்பதைக் கடைதான் தீர்மானிக்கும். முதலில் செருப்பு, நகை, துணி என்று வாங்கினால்தான் பை காட்டுகிறார்கள் என்று குற்றம்சாட்டி, 2024 மார்ச்சில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் வாடிக்கையாளர்கள் வழக்குப் போட்டார்கள். கம்பெனி மறுத்தது. 2025 செப்டம்பரில் நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்தார். தன் பொருளை யாருக்கு முதலில் விற்பது என்று கம்பெனி தேர்ந்தெடுப்பது மட்டுமே போட்டிச் சட்டத்தை மீறியதாகாது என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம்.

ஆனால் தென்கொரியாவில் கதை வேறு மாதிரி போனது. அங்கே நியாய வர்த்தக ஆணையம் நைக்கி, ஷனேல், எர்மெஸ் மூன்றின் வாடிக்கையாளர் விதிமுறைகளையும் எடுத்துப் படித்தது. 10 வகை விதிகள் நியாயமற்றவை என்று 2023 நவம்பரில் அறிவித்தது. மறுவிற்பனைக்காக வாங்கியதாகச் சந்தேகம் வந்தாலே நடவடிக்கை எடுக்கலாம் என்பதும் அவற்றில் ஒன்று. காசு கொடுத்து வாங்கிய பொருளை என்ன செய்வது என்று முடிவு செய்யும் உரிமை வாங்கியவருக்கு உண்டு என்றது ஆணையம். கம்பெனிகள் விதியைத் திருத்த ஒப்புக்கொண்டன.

கம்பெனிகளின் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. ஆள் வைத்து வரிசையில் நிறுத்தி, பத்துப் பை அள்ளிக்கொண்டு போய், மறுநாளே இரட்டை விலைக்கு விற்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களால் உண்மையாக ஆசைப்பட்டு வருகிறவர் வெறுங்கையோடு திரும்புகிறார். பழைய பொருள் சந்தையில் போலிகளும் கலந்துவிடுகின்றன. கச்சேரி டிக்கெட்டைப் பதுக்கி விற்கிறவர்களை நானே ஒலிபரப்பில் காரசாரமாகத் திட்டியிருக்கிறேன். நேயர்கள் கைதட்டாத குறை.

ஆனால் அந்த ஆளையும் என் தங்கையையும் கம்பெனி எப்படிப் பிரித்துப் பார்க்கும்? அவள் வாங்கியது ஒரு பை. விற்றதும் ஒரு பை. கம்பெனி பார்த்தது குறியீட்டை மட்டும். மூட்டு வலியை அல்ல.

தட்டுப்பாட்டை உண்டாக்கி விலையைத் தூக்கி நிறுத்துவது ரெங்கத்து மண்ணுக்குப் புதிதல்ல. ரப்பர் விலை விழுந்தபோது, 1922 நவம்பரில் ஆங்கிலேய அரசாங்கம் மலாயாவிலும் இலங்கையிலும் ‘ஸ்டீவன்சன் திட்டம்’ கொண்டுவந்தது. ஒவ்வொரு தோட்டமும் இவ்வளவுதான் ஏற்றுமதி செய்யலாம் என்று அளவு கட்டினார்கள். விலை 1925இல் உச்சத்துக்குப் போனது. திட்டத்தில் சேராத டச்சுக்காரர்கள், இன்றைய இந்தோனேசியாவில் ரப்பரைப் பெருக்கிச் சந்தையைப் பிடித்தார்கள். 1928 நவம்பரில் திட்டம் கைவிடப்பட்டது. அன்றைக்குக் கட்டுப்படுத்தியது உற்பத்தியையும் ஏற்றுமதியையும்தான். ரப்பர் டயர் வாங்கிய மனிதனிடம் போய், “இதை நீ இன்னொருவருக்கு விற்கக் கூடாது” என்று யாரும் சொல்லவில்லை.

இதையெல்லாம் காப்பிக்கடையில் நான் தங்கைக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். அவளுக்கு ஆறுதல் வந்ததாகத் தெரியவில்லை. ஆறுதல் சித்தி வீட்டில்தான் கிடைத்தது.

தோட்டத்து லயத்தை விட்டு வந்தபோது வாங்கிய மலிவு விலை வீடு அது. சித்தி வாசலுக்கே வந்து நின்றாள், கைத்தடி இல்லாமல். சாப்பாடு முடிந்து வெற்றிலைத் தட்டை எடுத்துவைத்துக்கொண்டு, மகளைப் பார்த்துக் கேட்டாள்.

“ஆபீஸ் கடன் எவ்வளவு பாக்கி? என்கிட்ட கொஞ்சம் இருக்கு, கட்டிடலாம்.”

தங்கை என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். பிறகு அவளே எல்லாவற்றையும் சொல்லி அழுதுவிட்டாள்.

சித்தி கொஞ்ச நேரம் பேசவில்லை. எழுந்து உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தாள். உள்ளே ரப்பர் வளையம் போட்ட ஒரு கட்டு. எல்லாம் அடகுக்கடைச் சீட்டு.

“இந்தச் சங்கிலி எத்தனை தடவை உள்ளே போயிட்டு வந்திருக்கு தெரியுமா? ஒவ்வொரு ஜனவரியும் போகும். உன் பள்ளிக்கூட உடுப்பு, புத்தகம், பஸ் காசு எல்லாம் இதுதான். ஒரு தடவை மீட்க முடியாம வித்தே போட்டோம். மறுவருஷம் அதே நகைக்கடைக்குப் போனப்ப, ‘வாங்கம்மா, உக்காருங்க’ன்னுதான் சொன்னாரு. ‘போன தடவை ஏன் வித்தே’ன்னு கேக்கலை.”

அடகுக்கடைக்கு இந்த நாட்டில் சட்டம் இருக்கிறது. 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி மாதத்துக்கு 2 விழுக்காட்டுக்கு மேல் வட்டி கூடாது. மீட்பதற்கு ஆறு மாதத் தவணை. சித்திக்குச் சட்டத்தின் பெயர் தெரியாது. வட்டியும் தவணையும் மனப்பாடம்.

பிறகு அவள் கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரையை எழுதவைத்தது.

“நான் முப்பது வருஷம் மரம் வெட்டினேன். மங்குல காய்ஞ்சு கிடக்கிற ஒட்டுப்பாலை ஒரு துண்டு மடியில கட்டிக்கிட்டு வந்து வெளியில வித்தா, அது திருட்டு. கிராணி பிடிச்சா வேலை போயிடும். வாங்குற கடைக்காரனுக்கும் லைசென்ஸ் வேணும். அது நியாயம்தான். ஏன்னா மரமும் தோட்டத்துது, பாலும் தோட்டத்துது. இந்தப் பை யாருது? முழுக் காசையும் கட்டிட்டல்ல?”

“கட்டிட்டேம்மா.”

“அப்புறம் என்னடி திருடி கிருடின்னு.”

அவ்வளவுதான். கொரிய ஆணையம் சொன்னதைச் சித்தி ஒட்டுப்பாலை வைத்துச் சொல்லிவிட்டாள்.

எந்த வாடிக்கையாளருக்கு அடுத்த பையைக் காட்டுவது என்பது கடைக்காரர் விருப்பம். ஒருவருக்கு ஒரு பைதான் என்று விற்கும்போதே சொல்வதும் நியாயமே. ஆனால் “முதலீடு” என்று சொல்லி விற்றுவிட்டு, அந்த முதலீட்டை எடுத்தவரைக் குற்றவாளியாகப் பார்ப்பது எப்படிப் பொருந்தும்? பழைய பைக்குச் சந்தையில் நல்ல விலை கிடைக்கிறது என்ற நம்பிக்கையில்தானே பலர் புதுப் பைக்கு அவ்வளவு கொடுக்கிறார்கள்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தப் பைக்குப் பெயர் கொடுத்த நடிகை ஜேன் பிர்கின், தனக்கென்று செய்து கொடுத்த முதல் பையைத் தானே வைத்துக்கொள்ளவில்லை. எய்ட்ஸ் தொண்டுக்கு நிதி சேர்க்க 1994இல் ஏலத்துக்குக் கொடுத்துவிட்டார். அதே பை கைமாறிக் கைமாறி, 2025 ஜூலையில் பாரிஸ் ஏலத்தில் 86 லட்சம் யூரோவுக்குப் போனது. அந்தப் பையின் பெருமை மறுவிற்பனையால் குறையவில்லை.

புது வேலையில் சேர்ந்து, முதல் போனஸில் பெரிய பை வாங்க ஆசைப்படும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. ஆசைப்பட்டால் வாங்குங்கள், தூக்கிக்கொண்டு நடங்கள். ஆனால் அதைச் சேமிப்பு என்று கணக்கில் எழுதாதீர்கள். அவசரத்துக்கு விற்க வேண்டி வந்தால் என்ன ஆகும் என்பதை வாங்கும் முன்பே கேளுங்கள், விதிமுறையைப் படியுங்கள். ரசீதையும் பெட்டியையும் பத்திரமாக வையுங்கள். விற்க வேண்டி வந்துவிட்டால், வெட்கப்படாதீர்கள்.

மாலையில் கிளம்பும்போது சித்தி எங்களோடு கடைத்தெரு வரை நடந்தே வந்தாள். போன வருஷம் வாசற்படி இறங்கவே இரண்டு பேர் கை கொடுக்க வேண்டியிருந்தது. தங்கை அவள் பின்னாலேயே, அந்தக் காலைப் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

திரும்பும் வழியில் கூலாய் வந்தது. “அக்கா, அஞ்சே நிமிஷம்” என்றாள்.

அம்மாவுக்கு நடப்பதற்கு ஒரு ஜோடி காலணி வாங்க வேண்டுமாம். இரண்டு மணி நேரம் ஆனது.