குளிரின் விலை

உறைந்துபோன ஏரி ஒன்றின் படத்தைச் சென்ற ஆண்டு ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்குக் காட்டினேன். கம்பளி உடுத்த முதியவர் ஒருவர் பனிக்கட்டியில் ஒரு சாண் அகலத்துக்குத் துளையிட்டு, அதனருகே முக்காலியில் அமர்ந்து, துளைக்குள் தூண்டிலை இறக்கியிருக்கிறார். பின்லாந்திலும் ரஷ்யாவிலும் கனடாவிலும் குளிர்காலத்தில் இது சாதாரணக் காட்சி. நான் விளக்கி முடிக்கு முன்பே கடைசி வாங்கிலிருந்து ஒரு சிறுமி எழுந்தாள்.

"சேர், செத்த மீனுக்குத்தானே ஐஸ் போடுவாங்க? ஐஸுக்குக் கீழே உயிர் மீன் எப்படி இருக்கும்?"

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் தோட்டத்துப் பிள்ளை. கண்டிச் சந்தையில் மீன் விற்பவரின் பலகைமேல் கிடக்கும் பனிக்கட்டியைத் தவிர வேறு பனிக்கட்டியை அவள் கண்டதில்லை. தான் கண்ட உலகத்திலிருந்து அவள் கேட்ட கேள்வி அது.

அதன் ஒரு பாதிக்கு விஞ்ஞானம் விடை தருகிறது. நீர் 4 பாகை செல்சியசில்தான் மிகவும் அடர்த்தியாக இருக்கிறது. அதற்குக் கீழே குளிரும் நீர் இலேசாகி மேலே வருகிறது, மேற்பரப்பிலேயே உறைகிறது, உறைந்த கட்டி மிதக்கிறது. மேலே காற்று எத்துணை கொடியதாயினும், கட்டியின் கீழே நீர் நீராகவே இருக்கிறது, மீனும் வாழ்கிறது. தெளிந்த பனிக்கட்டி பத்து சென்ரிமீற்றர் தடித்துவிட்டால் ஒரு மனிதன் அதன்மேல் நடந்து செல்லலாம் என்பது அந்நாட்டவர் கணக்கு. ஓடம் இல்லாதவனும் அன்று ஏரியின் நடுவே போய் மீன் பிடிக்கலாம். குளிர் அங்கே எல்லோருக்கும் பொது.

மறுபாதிக்கு விடை சொல்லச் சரித்திரம் வேண்டும். செத்த மீனுக்கு ஐஸ் போடுவது யார்? அந்த ஐஸ் யாருடையது?

ஏரியின் குளிரையே வெட்டி விற்ற காலம் ஒன்று இருந்தது. பொஸ்டன் நகர வணிகர் பிரெடெரிக் டியூடர் 1833இல் அமெரிக்க ஏரிப் பனிக்கட்டியைக் கப்பலேற்றிக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். நான்கு மாதக் கடற்பயணத்தில் கரைந்தது போக எஞ்சியதே பெருஞ் சரக்காயிற்று. 1842இல் சென்னைக் கடற்கரையில் அதற்கென்றே ஒரு களஞ்சியம் எழுந்தது. 'ஐஸ் ஹவுஸ்' என்ற பெயரை அந்த வட்டாரம் இன்றும் மறக்கவில்லை. 1846-47 குளிர்காலத்தில் வால்டன் குளத்தில் நூறு ஐரிஷ் தொழிலாளர் பனிக்கட்டி வெட்டியதை எழுத்தாளர் தோரோ நேரிற் கண்டு தமது நூலில் எழுதி வைத்திருக்கிறார். அந்த ஐரிஷ் மக்களின் தாய்நாட்டில் அப்பொழுது பெரும் பஞ்சம். அதே 1840களில்தான் தென்னிந்தியாவின் வறுமை நம் முன்னோரை மன்னாரிலிருந்து மாத்தளை வழியாகக் கால்நடையாகக் கண்டிச் சீமையின் கோப்பித் தோட்டங்களுக்கு விரட்டியது. வழியிலே கொள்ளைநோயில் மடிந்தோர் பலர். ஒரு பஞ்சத்தின் மக்கள் பனியை வெட்டினார்கள். மற்றொரு வறுமையின் மக்கள் காட்டை வெட்டினார்கள். சென்னைத் துரைமாரின் கிண்ணத்திலே குளிர்ந்தது யாருடைய உழைப்பு?

செயற்கைப் பனிக்கட்டி ஆலைகள் வந்த பின் அவ்வணிகம் மடிந்தது. ஆனால் குளிர் விலைப்பொருளாகவே நிலைத்துவிட்டது. கண்டிக்குக் கடல் இல்லை. கடல் மீன் கொழும்புப் பக்கமிருந்து நூறு கிலோமீற்றருக்கு மேல் ஐஸ் பெட்டியில் பயணம் செய்து வருகிறது. மலை ஏற ஏற விலையும் ஏறுகிறது. ஆகவேதான் லயத்துச் சமையலில் மீன் என்றால் பெரும்பாலும் கருவாடாக இருந்தது. ஐஸ் வாங்க இயலாத மனிதன் வெயிலையும் உப்பையும் கொண்டு மீனைக் காத்த முறை அது. நுவரெலியாவில் தை மாதத்தில் உறைபனி விழுந்து தேயிலைக் கொழுந்து கருகுகிறது. நாட்டிலேயே குளிர்ந்த அந்த மண்ணில் கொழுந்து பறித்தவளுக்குத்தான் ஐஸிலிட்ட மீன் எட்டாமற்போயிற்று! அவள் லயத்துக்கு அருகே ஓடிய குளிர்ந்த ஓடைகளிலோ, 1880களில் வெள்ளையர் தம் பொழுதுபோக்குக்காகக் கொணர்ந்து விட்ட 'ட்ரவுட்' மீன்கள் நீந்தின. அவை துரைமாரின் தூண்டிலுக்கு உரியவை.

நம் பக்கத்து நீர்நிலைகளில் மீன் இல்லையா? கண்டி வாவியில் இருக்கிறது. அங்கே மீன்பிடித்தல் தடை. விக்டோரியா நீர்த்தேக்கத்தில் இருக்கிறது. 122 மீற்றர் உயரமான அந்த அணை 1985இல் திறக்கப்பட்டபொழுது பழைய தெல்தெனிய நகரம் நீருள் மூழ்கியது. வரட்சியில் நீர் வற்றும்போது அதன் சிதைவுகள் தலைகாட்டுகின்றன. அந்தக் கரையில் ஒரு விடியற்காலையில் ஒரு சிங்கள மீனவரோடு பேசிக்கொண்டிருந்தேன். மாலையில் வலை விரித்து, விடியுமுன் தூக்குகிறார். கிடைப்பது பெரும்பாலும் திலாப்பியா. தமிழ்நாட்டார் ஜிலேபி மீன் என்பது அதுவே.

"என் தகப்பனார் உழுத வயல் இந்தத் தண்ணீருக்கு அடியில் கிடக்கிறது, மாத்தயா. அதற்கு மேலேதான் நான் வலை போடுகிறேன்" என்றார்.

"விலை எப்படி?" என்று கேட்டேன்.

"ஐஸ்பெட்டி வைத்திருப்பவன் சொல்வதுதான் விலை. வெயில் ஏறிவிட்டால் அந்த விலையும் இல்லை."

திலாப்பியா 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. ஏழையின் மீன் என்று பலரும் முகஞ்சுளித்த அதுவே உள்நாட்டுக் குளங்களில் ஒரு புதிய தொழிலை உண்டாக்கியது. 1990இல் உயிர்க்கொலையை அரசு ஊக்குவிக்கலாகாது என்ற வாதத்தின்பேரில் நன்னீர் மீன்பிடிக்கு அளித்து வந்த ஆதரவை அரசு நிறுத்திற்று. கடல்மீன்பிடிக்கு அந்த அறம் பொருந்தவில்லை! இயக்கப் படகும் துறைமுகமும் உள்ள தொழிலுக்கு நேராத பாவம், தோணி ஒன்றே உடைமையான தொழிலுக்கு நேர்ந்தது. 1994இல் ஆதரவு மீண்டது. 1998ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீர்வாழ் உயிரின வளர்ப்புக்கென ஓர் அதிகார சபையும் அமைந்தது. மீன்குஞ்சுகளைக் குளங்களில் விடும் பணி இன்று நடக்கிறது, நல்லதே.

ஆனால் குஞ்சு விடுவதோடு கடமை முடிந்துவிடுமா? மீனைப் பிடித்தவன் அதனை ஒரு பகல் பொழுது காத்து வைக்க இயலாதவரை, விலை சொல்லும் உரிமை அவனிடம் இல்லை. விலை சொல்லும் உரிமை இல்லாத உழைப்பாளிக்கு வலையும் தோணியும் சொந்தமாயிருந்தென்ன? தேயிலைக் கொழுந்து வாடுமுன் தொழிற்சாலை சேர வேண்டும் என்பதற்காகத் தோட்டந்தோறும் தொழிற்சாலையும் பாதையும் அமைத்தது மூலதனம். மீன் அழுகுமுன் காக்கப்பட வேண்டும் என்பதற்காகக் கரைதோறும் ஒரு பொது ஐஸ் அறை அமைப்பது அதைவிடப் பெரிய காரியமா? மீனவரின் கூட்டுறவுச் சங்கம் அதனை நடத்தட்டும். தெல்தெனியவின் மீன் அன்றைக்கே ஹந்தானைத் தோட்டத்து லயத்துக்கு வந்து சேரட்டும். வயலை இழந்த சிங்கள உழவனின் மகனையும், கொழுந்து பறிக்கும் தமிழ்த் தாயையும் மேடைச் சொற்பொழிவுகளைவிட அந்த மீன் நெருக்கமாக இணைக்கும்.

வடநாட்டு ஏரியில் இயற்கை இலவசமாகச் செய்யும் வேலையை நம் நாட்டில் சமூகம் செய்ய வேண்டியிருக்கிறது. பூகோளப் பாடத்திலே வெப்பநிலையைக் கற்பிக்கும் ஆசிரியத் தோழர்கள், அந்த வெப்பநிலைக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பதையும் சேர்த்தே கற்பிப்பார்களாக.