பேத்தி சேர்ந்த கல்லூரி

தில்லியில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் ‘ஆனர்ஸ்’ என்னும் சொல்லுக்கு உள்ள மதிப்பை நாம் அனைவரும் அறிவோம். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்ததும், “பிள்ளைக்கு ஆனர்ஸ் கிடைத்ததா?” என்பதே உறவினரின் முதற் கேள்வி. தில்லிப் பல்கலைக்கழகத்தில் 2022 முதல் பொது நுழைவுத் தேர்வு வந்த பின்னரும் அக்கேள்வி மாறவில்லை. அதே சொல் அமெரிக்காவில் வேறொரு பொருளில் வழங்குவதை, கலிபோர்னியாவில் என் மகள் வீட்டில் ஆறு மாதம் தங்கியிருந்தபோது கண்டேன். நம் பிள்ளைகள் பலர் அந்நாட்டில் குடியேறிவிட்ட இக்காலத்தில், அச்செய்தி நம் சங்க அன்பர்களுக்குப் பயன்படும் எனக் கருதி இதனை எழுதுகிறேன்.

என் பேத்தி 2023-இல் பள்ளிப் படிப்பை முடித்தாள். அவ்வாண்டின் தொடக்கத்திலேயே மாப்பிள்ளை பணியாற்றிய நிறுவனத்தில் ஆட்குறைப்பு நேர்ந்து, அவர் வேலை இழந்தார். தனியார் பல்கலைக்கழகம் ஒன்றில் பேத்திக்கு இடம் கிடைத்திருந்தது. கடன் வாங்கியேனும் அனுப்பிவிட வேண்டும் என்றாள் என் மகள். பேத்தியோ, “வீட்டுக்கு அருகிலுள்ள சமூகக் கல்லூரியில் இரண்டாண்டு படிக்கிறேன் அம்மா, பிறகு பல்கலைக்கழகம் போகிறேன்” என்றாள். மகளின் கண்கள் கலங்கின. படிப்பைவிட, அங்குள்ள தமிழ் நண்பர்கள் என்ன சொல்வார்களோ என்ற எண்ணமே அவளை வாட்டியது. சம்பந்தியம்மாள் தொலைபேசியில், “அமெரிக்கா வரை போய் இதற்குத்தானா?” என்று கேட்டுவிட்டார்.

சமூகக் கல்லூரி என்பது யாது? அது அமெரிக்காவில் நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உடையது. இல்லினாய் மாநிலத்து ஜோலியட் நகரில் 1901-இல் ஆறே மாணவருடன் தொடங்கிய கல்லூரியே இன்றும் நடைபெறும் இவ்வகைப் பொதுக் கல்லூரிகளுள் மூத்தது. கலிபோர்னியாவில் இன்று நூற்றுக்கு மேற்பட்டவை உள்ளன. 1960-இல் அம்மாநிலம் உயர்கல்விக்கு ஒரு பெருந்திட்டம் வகுத்தது. பள்ளி முடித்தோரில் முதல் எட்டில் ஒரு பங்கினர் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திற்கும், முதல் மூன்றில் ஒரு பங்கினர் மாநிலக் கல்லூரிகளுக்கும் தகுதி பெறுவர். இரண்டாண்டுக் கல்லூரியின் கதவோ கற்க விரும்பும் எவருக்கும் திறந்திருக்கும். அங்கே நன்கு படித்தவர் மூன்றாம் ஆண்டில் பல்கலைக்கழகத்திற்கு மாறலாம். இதுவே அத்திட்டத்தின் சாரம்.

கட்டணமும் குறைவு. மாநிலத்தில் குடியிருப்போருக்கு ஓர் அலகுக்கு 46 டாலர். இரண்டாண்டுப் பட்டத்திற்குரிய 60 அலகுகளுக்கும் சேர்த்து 2,760 டாலர்தான். தில்லி அரசாங்க அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் காலம் கழித்தவனாதலால், இக்கணக்கை மகள் முன் எழுதிக் காட்டினேன். அவள் மறுப்புச் சொல்லவில்லை; மனநிறைவும் கொள்ளவில்லை.

கல்லூரியின் ஆலோசகர்தாம் பேத்திக்கு ஆனர்ஸ் திட்டத்தைப் பற்றிச் சொன்னார். நம் ஊரில் ஆனர்ஸ் என்றால் ஒரே பாடத்தை முதன்மையாகக் கொண்டு பயில்வது. அங்கே அது ஒரு பாடமன்று, பயிலும் முறை. வரலாறோ, உயிரியலோ, அதே பாடத்தைச் சிறிய வகுப்பில், மூல நூல்களைப் படித்து, விவாதித்து, ஆய்வுக் கட்டுரை எழுதிக் கற்க வேண்டும். சேர்வதற்குப் பள்ளி மதிப்பெண்ணும் ஒரு கட்டுரையும் கேட்டார்கள். இத்தகைய திட்டத்தை முடிப்போருக்கு ஒரு நன்மையும் உண்டு. லாஸ் ஏஞ்சலஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக வளாகம், தன்னோடு இணைந்த ஆனர்ஸ் திட்டங்களை முடித்துவரும் மாணவரை முன்னுரிமை தந்து பரிசீலிக்கிறது. இடம் உறுதி என்பதில்லை. ஆயினும் வழி சற்று அகலமாகிறது.

பேத்தி சேர்ந்தாள். அவளுடைய வரலாற்று வகுப்பில் பதினெட்டுப் பேர். அவர்களுள் ஒருவர் இராணுவத்திலிருந்து திரும்பியவர். ஒருத்தி இரு குழந்தைகளின் தாய். இரவில் மருத்துவமனையில் வேலை பார்த்துவிட்டுக் காலையில் வகுப்பிற்கு வருவாள். “தாத்தா, அந்த அக்கா ஒருநாள்கூடப் படிக்காமல் வந்ததில்லை. அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு நான் எப்படிச் சோம்பியிருப்பது?” என்றாள்.

குடிபெயர்வு பற்றி ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டியிருந்தது. தில்லிக்கு வந்த தமிழரைப் பற்றி எழுதத் துணிந்து, ஒலிப்பதிவுக் கருவியுடன் என் எதிரே அமர்ந்தாள். கும்பகோணத்திலிருந்து வந்தது, கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் இரண்டு இரவு கழித்தது, கரோல் பாகில் ஓர் அறையில் நால்வர் தங்கியது, 1973-இல் இராமகிருஷ்ணபுரத்து மலை மந்திரில் குடமுழுக்கு நடந்தது எல்லாம் சொன்னேன். பொறுமையுடன் கேட்டுவிட்டு, “தாத்தா, உங்கள் நினைவு மட்டும் போதாது. ஆதாரம் வேண்டும்” என்றாள். தில்லியில் அண்டை வீட்டாரிடம் சாவி இருந்தது. இரும்புப் பெட்டியிலிருந்த என் நியமன ஆணையையும், என் தகப்பனார் எழுதிய அஞ்சலட்டைகளையும் படமெடுத்து அனுப்பச் செய்தேன். அந்த அட்டைகளைப் படிக்க அவளுக்குத் தமிழ் எழுத்து போதவில்லை. ஆகவே நாள்தோறும் மாலையில் எழுத்துக் கூட்டிக் கற்றாள். ஓர் அட்டையில், “மாதம் பத்து ரூபாய் அனுப்பினால் போதும், உடம்பைப் பார்த்துக்கொள்” என்றிருந்தது. அதனை வாய்விட்டுப் படித்தவள், சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. வாயிற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த என் மகளும் பேசவில்லை. அன்றிரவு மகளே சம்பந்தியம்மாளை அழைத்து, பேத்தியின் கல்லூரிப் பெயரைத் தயக்கமின்றிச் சொன்னாள்.

மாப்பிள்ளைக்குச் சில மாதங்களில் வேறு வேலை கிடைத்தது. சம்பளம் முன்னைவிடக் குறைவுதான். ஆயினும் பேத்தியின் முதல் இரண்டாண்டுப் படிப்புக்கு ஒரு டாலர்கூடக் கடன் ஏறவில்லை. 2025-இல் அவள் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ஒரு வளாகத்தில் மூன்றாம் ஆண்டு மாணவியாகச் சேர்ந்தாள்.

அன்பர்களே, நம்முள் பலர் பிழைப்பைத் தேடி ஊரைவிட்டு வந்தவர்கள். வந்த இடத்தில் முதலில் கிடைத்த சிறிய வேலையை ஏற்று, அதிலிருந்து படிப்படியாக உயர்ந்தவர்கள். அவ்வாறு வந்த நாமே, பிள்ளைகள் ஏறும் முதற்படி பெரிய பெயருடையதாக இருக்க வேண்டும் என்று வற்புறுத்துவது பொருந்துமா? கல்லூரியின் பெயரைக் கேட்பதோடு, அங்கே என்ன படிக்கிறாய், யாரோடு படிக்கிறாய், எப்படிப் படிக்கிறாய் என்றும் கேட்போம். அக்கேள்விகளுக்கு மலர்ந்த முகத்துடன் விடை சொல்லும் பிள்ளை, எக்கல்லூரியில் இருப்பினும் நல்ல இடத்தில்தான் இருக்கிறது.