எட்டுக் கம்பிகள்



நோயைத் தீர்க்குமுன் அதன் காரணத்தை ஆராய வேண்டும் என்று வள்ளுவர் கூறியது மருத்துவருக்கு மட்டுமன்று, கணினிமுன் அமரும் நமக்கும் பொருந்தும்.

1998-ஆம் ஆண்டில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமாகக் கொண்டு தகவல் கிராமத் திட்டத்தைத் தொடங்கியது. தொலைபேசிக் கம்பி எல்லா ஊருக்கும் எட்டாத காலம் அது. எனவே செய்திகள் வானொலி அலை வழியே ஊர்களுக்குச் சென்றன. வீராம்பட்டினத்து மீனவர்கள் கடல் அலையின் உயரத்தை ஒலிபெருக்கியில் கேட்டறிந்தனர். இன்றோ இணையம் கம்பி வழியாகவே வீட்டுக்குள் வந்துவிட்டது. ஆயினும் கணினியில் செருகும் அந்தக் கடைசிக் கேபிளைப் பற்றி நாம் சிந்திப்பதில்லை.

பாகூரை அடுத்த எங்கள் சிற்றூரில் கரும்பு பயிரிடும் என் தந்தை, அண்ணனின் படிப்புக்காக விநாடிக்கு 200 மெகாபிட் வேகத்திற்கு மாதந்தோறும் பணம் கட்டி வந்தார். கணினியோ 100 என்றே காட்டியது. அண்ணன் அமைப்புப் பக்கத்தில் ‘ஆட்டோ’ என்றிருந்ததை 1000 என்று மாற்றினார். இருந்த இணைப்பும் போயிற்று! பள்ளிக் கணினி அறையில் ஆசிரியை காட்டியது என் நினைவுக்கு வந்தது. கேபிள் முனையை வெளிச்சத்தில் பிடித்துக் கம்பிகளை எண்ணினேன். எட்டு இருக்க வேண்டிய இடத்தில் நான்கே இருந்தன.

ஈதர்நெட் கேபிளுக்குள் ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு என நான்கு இணைகள் உண்டு. ஒவ்வோர் இணையும் முறுக்கப்பட்டிருக்கும். வெளியிலிருந்து வரும் மின் இரைச்சல் இரு கம்பிகளையும் ஒன்றுபோல் தாக்குவதால் அது கழிந்துவிடுகிறது. 100 மெகாபிட்டுக்கு இரண்டு இணைகள் போதும். 1000-க்கு நான்கும் வேண்டும். கேபிளின் வகை மேலுறையிலேயே அச்சிடப்பட்டிருக்கும். ‘கேட் 5இ’ 100 மீட்டர் தூரம் வரை 1000 மெகாபிட் தாங்கும். ‘கேட் 6’ வகை 55 மீட்டர் வரை 10,000 மெகாபிட்டும் தாங்கும்.

பாகூர் ஏரி நிரம்பி வழிந்தாலும் வாய்க்கால் கொள்ளும் நீர்தானே வயலுக்கு வரும்? கணினியில் நாம் எந்த எண்ணை எழுதினாலும் கேபிள் தாங்கும் வேகம்தான் கிடைக்கும்.

எட்டுக் கம்பியுள்ள கேட் 5இ கேபிள் வாங்கிப் பொருத்தி, அமைப்பை மீண்டும் ‘ஆட்டோ’வில் வைத்தோம். திரையில் 1000 என்று தோன்றியது. பாதி வேகத்திற்கு முழுப் பணம் கட்டிய மாதங்களை எண்ணித் தந்தை பெருமூச்செறிந்தார்.

தோழியரே, கம்பி வேலை ஆண்களுக்கே உரியதென்று ஒதுங்க வேண்டாம். “என்ன வகை? எத்தனை கம்பி?” என்று கடையில் துணிந்து கேட்போம். பெற்றோர் வியர்வை சிந்தி ஈட்டிய பணத்தைக் காப்பதும் நாம் கற்ற கல்வியின் பயனன்றோ!