1203

இருபது ஆண்டுகளாகத் தண்ணீர் லாரி ஓட்டிவந்த என் மாமா, ஐம்பதாவது வயதில் மீண்டும் மாணவரானார். பெட்ரோல் டேங்கர் ஓட்ட மூன்று நாள் பயிற்சியில் தேறிச் சான்றிதழ் பெறவேண்டும். இந்திய மொழி ஒன்றுடன் ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரிந்திருக்கவேண்டும் என்கின்றன 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள். வேங்கிக்கால் வீட்டுத் திண்ணையில் நான் அவருக்கு ஆசிரியன்.

ஓட்டுவதைப் பற்றி அவருக்குக் கற்பிக்க என்னிடம் ஏதுமில்லை. பாதி நிறைந்த தொட்டிதான் ஆபத்து, பிரேக் பிடித்த பிறகும் உள்ளிருக்கும் திரவம் முன்னால் பாய்ந்து வண்டியைத் தள்ளும் என்று எனக்குச் சொன்னவரே அவர்தான். எழுத்துகள்தாம் அவரை மிரட்டின. டேங்கரின் பக்கங்களிலும் பின்புறத்திலும் இருக்கும் அபாயத் தகவல் பலகையை வரைந்து காட்டினேன். ஐ.நா. எண் பெட்ரோலுக்கு 1203, சமையல் எரிவாயுவுக்கு 1075.

"என் வண்டியில என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாதாடா? இது எதுக்கு?"

"வண்டி கவிழ்ந்து நீங்க பேச முடியாம கெடந்தா, தீயணைக்க வர்றவங்ககிட்ட அதுதான் மாமா பேசும்."

சொன்ன பிறகே நாக்கைக் கடித்துக்கொண்டேன். உள்ளே அத்தை பாத்திரம் துலக்கும் ஓசை நின்றிருந்தது.

மாமா சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு பென்சிலை வாங்கி, தாள் முழுவதும் பெரிதாக 1203 என்று எழுதினார். நோட்டைத் தூக்கிப் பிடித்து, "வாசலுக்குப் போய் நில்லு. அங்கேருந்து படிக்க முடியுதா பாரு" என்றார்.